பதினான்கு வயதுடன் முடிந்துவிடும் பாதுகாப்பு

புது தில்லி: தலைநகரின் மையப் பகுதியில் உள்ள தனியார் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு பயின்றுவந்த 16 வயது மாணவர், 2025-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி தன் உயிரை மாய்த்துக் கொண்டார். அவர் எழுதி வைத்திருந்த குறிப்பில் ஆசிரியர்கள் சிலர் மீது குற்றம்சாட்டியிருந்தார். பள்ளி வாசலில் பெற்றோர்கள் திரண்டனர். ஆசிரியர்கள் சிலரைப் பள்ளி நிர்வாகம் பணியிடை நீக்கம் செய்தது. தில்லி அரசு விசாரணைக் குழு அமைத்தது. தொலைக்காட்சிகளில் சில நாள்கள் விவாதம் நடந்தது. பிறகு வேறு செய்திகள் வந்துவிட்டன.

குற்றச்சாட்டின் உண்மையை விசாரணையும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். ஒரு மரணத்துக்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டுவது எப்போதும் சரியாக இருப்பதில்லை. ஆனால், ஓர் உண்மை அனைவர் கண்முன்னும் நிற்கிறது. பல மாதங்களாக மனதில் சுமந்த வேதனையை ஒரு சிறுவன் முழுமையாகச் சொன்னது, அதைக் கேட்க வேண்டியவர்களால் இனி அவனைக் காப்பாற்ற முடியாது என்ற நிலை வந்த பிறகுதான்.

தில்லிக்கு இது புதிதல்ல. 2022 பிப்ரவரியில், தலைநகரை ஒட்டிய ஃபரீதாபாதில் மற்றொரு பத்தாம் வகுப்பு மாணவர் இதேபோல உயிரிழந்தார். அவரது நடை, உடை, பாவனைகள் ஆண் பிள்ளைக்கு உரியவையாக இல்லை என்று சக மாணவர்கள் கேலி செய்து வந்ததாகப் புகார். அவருடைய தாயார் அதே பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி வந்தவர். தாயே பள்ளிக்குள் இருந்தும் ஒரு மாணவனைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், வெளியில் வேலைக்குப் போகும் பெற்றோர்களின் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு?

எண்ணிக்கை சொல்லும் செய்தி

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2013-ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 8,423 பேர். 2023-இல் இந்த எண்ணிக்கை 13,892. இவர்களில் கல்லூரி மாணவர்களும் அடக்கம். எனினும், பத்தாண்டுகளில் ஏற்பட்ட இந்த உயர்வைத் தேர்வு பயம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது.

என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் வெளியிட்ட ஆய்வில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான சுமார் 3.79 லட்சம் மாணவர்கள் பங்கேற்றனர். அவர்களில் 81 சதவீதத்தினர், படிப்பும் தேர்வும் முடிவுகளும் தங்களுக்குப் பதற்றம் தருவதாகக் கூறியிருந்தனர். இந்தச் செய்தி தலைப்புகளில் இடம்பெற்றது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படவில்லை. நடுநிலை வகுப்புகளிலிருந்து உயர்நிலை வகுப்புகளுக்குச் செல்லும்போது, தங்கள் வாழ்க்கை பற்றியும் பள்ளி பற்றியும் மாணவர்களுக்கு இருக்கும் மனநிறைவு குறைகிறது என்பதே அது. அதாவது, எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில் எங்கோ பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள்.

தற்செயலா, கொள்கையின் கோளாறா?

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலே ஓரளவு புரியும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. மனத் துன்புறுத்தலையும் குற்றமாகக் கண்ட நல்ல சட்டம் இது. ஆனால், இந்தச் சட்டத்தில் குழந்தை என்பவர் 6 முதல் 14 வயது வரை உள்ளவர் மட்டுமே. ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும் மாணவர் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார்.

தனியார் பள்ளிகளில் ஏழை எளிய பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் ஒதுக்கவும் இதே சட்டம் வகை செய்தது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தில்லியில் காரில் வந்திறங்கும் பிள்ளைகளுக்கு நடுவே, அதே வீடுகளில் வேலை செய்பவரின் பிள்ளையும் அமரும் வாய்ப்பு அதனால்தான் கிடைத்தது. இந்த உரிமையும் எட்டாம் வகுப்பு வரையில்தான். அரசு நிலத்தில் கட்டப்பட்ட பள்ளிகளில் நில ஒதுக்கீட்டு நிபந்தனையின் காரணமாக இது பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்கிறது. மற்ற பள்ளிகளில், எட்டாண்டுகள் ஒன்றாகப் படித்த நண்பர்களை விட்டுவிட்டு அந்தப் பிள்ளை ஒரு நாள் வெளியேற வேண்டும். இல்லையென்றால், கட்ட முடியாத கட்டணத்துக்காக ஒவ்வொரு முறையும் அலுவலக அறை வாசலில் நிற்க வேண்டும்.

2018 ஜூலையில் அப்போதைய தில்லி அரசு, தலாய் லாமா முன்னிலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. உலகெங்கும் பாராட்டப்பட்ட திட்டம் அது. தினமும் ஒரு வகுப்பு, பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆனால், அதுவும் எட்டாம் வகுப்புடன் நின்றது.

மறுமுனையில், கல்லூரிகளுக்கு வேறொரு பாதுகாப்பு இருக்கிறது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டதைத் தொடர்ந்து, 1997-இல் தமிழகம் ராகிங் தடைச் சட்டம் கொண்டு வந்தது. 2009-இல் ஹிமாசலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்குக்குப் பலியான பிறகு, உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் யு.ஜி.சி. ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 24 மணி நேர உதவி எண், ராகிங் தடுப்புக் குழு, காவல் துறையில் புகார் செய்யும் கடமை நிறுவனத்துக்கே என்ற விதி ஆகியவை அதன் சிறப்புகள்.

பள்ளிகளைப் பொருத்தவரை, சி.பி.எஸ்.இ. 2015-இல் சீண்டலையும் ராகிங்கையும் தடுக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. அது சுற்றறிக்கை, சட்டம் அல்ல. ஆக, தொடக்கக் கல்விக்கு ஒரு குடை. கல்லூரிக்கு ஒரு குடை. இரண்டுக்கும் நடுவில், 14 முதல் 18 வயது வரை, மழையில் நனைந்துகொண்டே நடக்க வேண்டும். மனித வாழ்வில் அவமானம் மிக ஆழமாகத் தைக்கும் வயதும் அதுதான்.

ஒன்பதாம் வகுப்பு என்னும் வாசல்

தில்லி அரசுப் பள்ளிகளில் இந்த வாசல் எவ்வளவு குறுகலானது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட விவரங்கள் காட்டின. 2023-24 கல்வியாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சி பெறவில்லை. அதே வகுப்பில் மீண்டும் அமர வேண்டும், அல்லது திறந்தநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். தம்பி வயதுப் பிள்ளைகளுடன் ஒரே பெஞ்சில் உட்காரும் 16 வயது மாணவனுக்கு, அந்தப் பெஞ்சே ஒரு தண்டனை.

2016-இல் தில்லி அரசு 'சுனௌதி' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. வாசிக்கும் திறனை அடிப்படையாகக் கொண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தனித்தனிப் பிரிவுகளாக்கப்பட்டனர். திரும்பத் திரும்பத் தோல்வியுற்றவர்களுக்குத் தனிப் பிரிவு. பின்தங்கியவர்களுக்குக் கூடுதல் கவனம் தர வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், நம்பிக்கை என்று பொருள்படும் 'விஸ்வாஸ்' என்ற பெயரைத் தோற்றவர்களின் பிரிவுக்குச் சூட்டினாலும், பள்ளி மைதானத்தில் அதற்கு என்ன பொருள் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தலைநகரத் தமிழர்களுக்கும் இதில் சொல்ல ஒரு கதை உண்டு. ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் வாழ்ந்துவந்த மதராஸி கேம்ப், நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. சுமார் 370 குடியிருப்புகள். மாற்று வீட்டுக்கு எல்லோரும் தகுதி பெறவில்லை. தகுதி பெற்றவர்களுக்கும் வீடு கிடைத்தது நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். ஒரு குடிசையை இடிக்கும்போது, அங்கிருந்த பிள்ளையின் பள்ளி, நண்பர்கள், பழகிய ஆசிரியர், பேசும் மொழி எல்லாம் சேர்ந்தே இடிகின்றன. புதிய பள்ளியில் நடுவில் சேரும் 15 வயதுத் தமிழ்ப் பிள்ளையின் பேச்சையும் நிறத்தையும் கேலி செய்தால், அது யாரிடம் போய்ச் சொல்லும்? ஏற்கெனவே வீடு இழந்து நிற்கும் பெற்றோரிடமா?

மௌனம் கோழைத்தனம் அல்ல

'ஏன் முன்பே சொல்லவில்லை?' என்பதுதான் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி. இதற்கான விடையைத் தமிழகத்தின் நாங்குநேரி ஏற்கெனவே தந்துவிட்டது.

அவ்வூரைச் சேர்ந்த, பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த பட்டியலின மாணவர் ஒருவர், சக மாணவர்களின் சாதியத் தொந்தரவைத் தாங்க முடியாமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்திக் கொண்டார். காரணத்தை வீட்டில் சொல்லவில்லை. பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புகாரை எழுதித் தரும்படி பள்ளியில் கேட்டார்கள், தரப்பட்டது. 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு, அந்த மாணவரின் வீட்டுக்குள் புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். பிடிபட்டவர்கள் பள்ளி மாணவர்கள்.

பேசாமல் இருந்தவரை அவர் மனதில் மட்டுமே காயம் இருந்தது. பேசிய பிறகு உடலெங்கும் காயம். இதைப் பார்த்த மற்ற மாணவர்கள் கற்றுக்கொண்ட பாடம் என்னவாக இருக்கும்? ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் மௌனம் காப்பது அறியாமையாலோ கோழைத்தனத்தாலோ அல்ல. சொன்னால் என்ன நேரும், சொல்லாவிட்டால் என்ன நேரும் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது என்பதுதான் வேதனை.

அந்த மாணவர் பல மாத சிகிச்சைக்கு இடையிலும் படித்து, 2024-இல் பிளஸ் 2 தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவரைப் பாராட்டாதவர்கள் இல்லை. ஆனால், அது அவருடைய வெற்றியே தவிர, அவரைக் காக்கத் தவறிய அமைப்பின் வெற்றி அல்ல.

பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை

நாங்குநேரி சம்பவத்தையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு ஒரு நபர் குழு, 2024 ஜூனில் தமிழக அரசிடம் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல், பெயரின் அகர வரிசைப்படி இருக்கைகள் என்று பல பரிந்துரைகள் அதில் இருந்தன. கயிறும் திலகமும்தான் அரசியல் மேடைகளில் விவாதப் பொருளாயின. பெரிய பள்ளிகளில் மாணவர் நலனைக் கவனிக்கத் தனி நல அலுவலர் வேண்டும் என்ற பரிந்துரை அந்த இரைச்சலில் அமுங்கிப் போனது. சீண்டலையும் பாகுபாட்டையும் கண்காணித்து, மாணவர் நம்பிப் பேசக்கூடியவராக ஒருவர் பள்ளியிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

விசாகப்பட்டினத்தில் 2023-இல் உயிரிழந்த 17 வயது மாணவி தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2025 ஜூலை 25-ஆம் தேதி தீர்ப்பளித்தது. உரிய சட்டம் இயற்றப்படும் வரை நாடெங்கும் பின்பற்ற வேண்டிய 15 நெறிமுறைகளை அது வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரு முறை பயிற்சி தர வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து வைப்பதையும் பொதுவில் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். புகார் அளிப்பவரின் விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பவை அவற்றில் சில.

தில்லி மாணவரின் மரணம் நிகழ்ந்தது இந்தத் தீர்ப்பு வந்து நான்கு மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில். தில்லி உயர் நீதிமன்றம், பள்ளிகளில் பிரம்படியை அனுமதித்த விதியை 2000-ஆவது ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதியே ரத்து செய்துவிட்டது. கால் நூற்றாண்டில் பிரம்பு பெருமளவு மறைந்திருக்கலாம். ஆனால், பிரம்பின் வேலையை நாவு எடுத்துக்கொண்டால், தழும்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியாது.

ஆசிரியர் தரப்பு நியாயம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு வகுப்பில் 50, 60 மாணவர்கள். தேர்தல் பணி, கணக்கெடுப்பு, ஓயாத படிவங்கள் என்று ஆசிரியர்கள் திணறுகிறார்கள். கண்டித்தால் வழக்கு, கண்டிக்காவிட்டால் ஒழுங்கீனம் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லாப் பழியையும் ஆசிரியர் தலையில் சுமத்திவிட்டு அரசும் நிர்வாகமும் பெற்றோரும் கைகழுவிக் கொள்வது நியாயமாகாது.

ஆனால், கண்டிப்புக்கும் அவமதிப்புக்கும் உள்ள வேறுபாடு நல்ல ஆசிரியர்களுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. தவறைச் சுட்டிக்காட்டுவது கண்டிப்பு. 40 பேர் சிரிக்கும்படி ஒருவனை நிற்க வைப்பது அவமதிப்பு. முதலாவதால் மாணவன் திருந்துகிறான்; இரண்டாவதால் அவன் வகுப்பின் வேட்டைப் பொருளாகிறான். ஆசிரியர் யாரைக் கேலி செய்கிறாரோ, அவரைக் கேலி செய்ய வகுப்புக்கே அனுமதி கிடைத்துவிடுகிறது.

'அந்தக் காலத்தில் நாங்களும் அடி வாங்கித்தான் படித்தோம். இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை' என்ற வாதமும் கேட்கிறது. அந்தக் காலத்தில் அடி தாங்காமல் பள்ளியைவிட்டு நின்றவர்கள் இன்று இந்த விவாதத்தில் பங்கேற்க வருவதில்லை. இடைநின்றவர்கள் என்ற கணக்கில் அவர்கள் காணாமல் போனார்கள். மேலும், அன்றைய கேலி பள்ளி மணி அடித்ததும் நின்றது. இன்று அது கைப்பேசியில் ஏறி, வீட்டுக்குள் வந்து, படுக்கை வரை தொடர்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பை 18 வயது வரை நீட்டிக்க வேண்டும். இளையோர் நீதிச் சட்டமும் போக்ஸோ சட்டமும் 18 வயது வரை உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே ஏற்கின்றன. கல்விச் சட்டம் மட்டும் அவர்களை 14 வயதில் பெரியவர்களாக்குவதில் பொருளில்லை.

இரண்டாவதாக, கல்லூரிகளுக்கு உள்ளதைப் போன்ற கட்டாய விதிகள் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வேண்டும். புகாரைப் பாதிக்கப்பட்டவர்தான் எழுதித் தர வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். ஒரு மாணவர் காரணமின்றித் தொடர்ந்து வராமல் இருந்தாலோ, திடீரென மதிப்பெண் சரிந்தாலோ, யாருடனும் சேராமல் ஒதுங்கினாலோ, அதையே புகாராகக் கொண்டு விசாரிக்கும் கடமை பள்ளிக்கு இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஆலோசகர் பள்ளி நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்த நிர்வாகத்துக்கே அறிக்கை தருபவராக இருந்தால் பயனில்லை. பள்ளியின் நற்பெயரா, மாணவரின் நலனா என்ற கேள்வி வரும்போது அவர் எந்தப் பக்கம் நிற்பார்? மாவட்ட அளவில், கல்வித் துறைக்கும் பள்ளிக்கும் வெளியே உள்ள அமைப்பு ஒன்றுக்குப் பொறுப்பானவராக அவர் இருக்க வேண்டும். இதற்குச் செலவாகும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கோடிகளைச் சீருடைக்கும் மடிக்கணினிக்கும் ஒதுக்கும் அரசுகளுக்கு இது இயலாத செலவல்ல.

நான்காவது, சட்டத்தால் செய்ய முடியாதது. தில்லியிலும் சரி, திருநெல்வேலியிலும் சரி, வகுப்பில் ஒருவன் ஒதுக்கப்படுவது முதலில் தெரிவது ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ அல்ல. பக்கத்து இருக்கை மாணவனுக்கு. அவன் வேடிக்கை பார்ப்பதும், கூடச் சேர்ந்து சிரிப்பதும், எழுந்து போய் அருகில் அமர்வதும் அவனை வளர்த்தவர்களைப் பொருத்தது. தன் பிள்ளை துன்புறுகிறதா என்று கவலைப்படும் பெற்றோர், தன் பிள்ளை யாரையாவது துன்புறுத்துகிறதா என்றும் ஒரு நாள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாடாளுமன்றத்தில் கல்வி குறித்த விவாதங்கள் எப்போதும் நுழைவுத் தேர்வு, மொழிக் கொள்கை, பாடநூல் திருத்தம் ஆகியவற்றைச் சுற்றியே நடக்கின்றன. இவை முக்கியமானவைதாம். ஆனால், எந்த மொழியில் படித்தாலும், எந்தப் பாடநூலைப் படித்தாலும், உயிரோடும் தன்மானத்தோடும் இருந்தால்தான் ஒரு பிள்ளை படிக்க முடியும். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்களுக்காகத் தில்லியில் யாரும் அவையை ஒத்திவைக்கச் சொல்லிக் குரல் எழுப்புவதும் இல்லை. சட்டத்தில் அவர்களுக்கு விடப்பட்டுள்ள அந்த நான்கு ஆண்டு இடைவெளியை அடைக்க, ஒரு வரித் திருத்தமே தொடக்கமாக இருக்கும். அதைக் கொண்டுவரப் போகும் உறுப்பினர் யார் என்பதே கேள்வி.

(மனச்சோர்வோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ உள்ளவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐயும், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.)